ஈசிஎச்எஸ் கார்டு எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது?

ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். சர்வீஸில் இருந்த காலமெல்லாம் பார்ட் டூ ஆர்டர் (கல்யாணம், குழந்தை போன்ற விவரங்களை ரெக்கார்டில் ஏற்றும் உத்தரவு) அடித்தே விரல் தேய்ந்தது. பெங்களூர் அல்சூரில் குடியேறிய பிறகாவது காகிதத் தொல்லை விடும் என்று நினைத்தேன். விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காபி ஆறுவதற்குள் யாராவது ஒருத்தர் பிளாஸ்டிக் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். "அண்ணே, கார்டு இன்னும் வரல." ஈசிஎச்எஸ் கார்டு, அதாவது முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்கும் உள்ள மருத்துவத் திட்டத்தின் கார்டு. மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், விவேக்நகர், சில நாள் ஓசூரிலிருந்தே பஸ் பிடித்து வருகிறார்கள்.

ஆள்தான் மாறுகிறாரே தவிர கோளாறு மாறுவதில்லை. எண்ணிப் பார்த்தால் ஒரு பத்து வகைக்குள் எல்லாம் அடங்கிவிடும். அவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். முதல் தலைப்பை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## எதற்கும் முன்னால்: நாலு காகிதம், ஒரு ஸ்கேல்

பிபிஓ (பென்ஷன் ஆணை), டிஸ்சார்ஜ் புக், ஆதார், பான். யார் யாரைச் சேர்க்கப் போகிறீர்களோ அவர்கள் ஆதாரும் வேண்டும். எல்லாவற்றையும் கட்டில் மேல் பக்கத்தில் பக்கத்தில் பரப்புங்கள். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்குங்கள். பார்க்க வேண்டியது மூன்றுதான்: பெயரின் எழுத்து, பிறந்த தேதி, உறவு. எங்கே ஒரு எழுத்து இடிக்கிறதோ அங்கே சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

பிபிஓ என்றால் பெட்டியில் மடித்து வைத்த பழைய தாள் மட்டும் போதாது. பென்ஷன் ஸ்பர்ஷுக்கு (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளம்) மாறியிருந்தால் அதில் நுழைந்து, உங்கள் பெயரும் குடும்ப விவரமும் இப்போது அங்கே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய தாளில் சரியாக இருந்தது ஸ்பர்ஷுக்கு ஏறும்போது காணாமல் போனதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்பர்ஷில் நுழையத் தெரியாது, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் டிபிடிஓ (ராணுவ பென்ஷன் வழங்கும்) அலுவலகத்தில் உள்ள ஸ்பர்ஷ் சேவை மையத்துக்குப் போங்கள்.

சிவப்பு வட்டம் ஒன்றுகூட இல்லையா? உங்கள் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. இருக்கிறதா? விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். தப்பான காகிதத்தோடு அனுப்பித் திரும்பி வாங்கினால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

## "நமக்கு இது உண்டா என்றே தெரியவில்லை"

பென்ஷன் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ராணுவம், கடற்படை, விமானப்படை எதுவானாலும் சர்வீஸ் பென்ஷன், டிஸபிலிட்டி பென்ஷன், ஃபேமிலி பென்ஷன் இவற்றில் ஒன்று வந்தால் உண்டு. டிஎஸ்சி (பாதுகாப்புக் காவல் படை), டெரிடோரியல் ஆர்மி பென்ஷன்காரர்களுக்கும் உண்டு. கேன்டீன் கார்டு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அது வேறு கணக்கு.

பென்ஷன் இல்லாமல் பாதியில் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. எமர்ஜென்சி கமிஷன், ஷார்ட் சர்வீஸ் கமிஷன் அதிகாரிகள் போன்ற சிலருக்கு 2019 மார்ச்சில் கதவு திறந்தார்கள். நாலு வருஷம் முடித்து வெளியே வரும் அக்னிவீர் பையன்களுக்கு ஈசிஎச்எஸ் இல்லை. அவர்கள் அப்பாமார் என்னிடம் வந்து கேட்கும்போது பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஓய்வு பெற்ற தேதி. திட்டம் தொடங்கியது 2003 ஏப்ரல் 1. அந்த நாளிலிருந்து வெளியே வந்த பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் இது கட்டாயம். திட்டத்துக்கான பணத்தை, ஓய்வுப் பணம் கையில் வரும் முன்பே பிடித்திருப்பார்கள். அதற்கு முந்தியவர்களுக்கு விருப்பம். விருப்பப்படாதவர்கள் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொண்டிருப்பார்கள். பென்ஷன் சீட்டில் எஃப்எம்ஏ என்று இருக்கும்.

இந்த இடத்தில் பெரியவர்கள் நிறையப் பேர் தயங்குகிறார்கள். ஈசிஎச்எஸ்ஸில் சேர்ந்தால் அந்த ஆயிரம் நின்றுவிடும். இரண்டும் சேர்த்துக் கிடையாது. தெரியாமல் இரண்டும் வந்துகொண்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பின்னால் மொத்தமாகப் பிடிப்பார்கள். ஆயிரமா கார்டா என்று என்னைக் கேட்டால், ஒரு யோசனையும் இல்லாமல் கார்டு என்பேன். பெங்களூரில் ஐசியூ கட்டில் ஒரு நாளைக்கு என்ன கேட்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

## "ஓடிபி வரவில்லை, ஃபாரம் உள்ளே போகவில்லை"

சின்னக் கோளாறு. பத்தில் எட்டுப் பேருக்கு விஷயம் இதுதான்: கொடுத்த நம்பர் பழசு, அல்லது மகன் நம்பர், அந்த மகன் இப்போது துபாயில். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது, ஸ்பர்ஷில் எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் நம்பரையே வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் போன் நம்பரை மாற்ற ஆதார் சேவை மையத்துக்கோ, அந்த வசதி உள்ள பெங்களூர் ஒன் மையத்துக்கோ நேரில் போகலாம்.

ஓடிபி வருகிறது, ஆனால் காகிதம் ஏறவில்லையா? ஸ்கேனின் அளவு பெரிதாக இருக்கும். எவ்வளவு இருக்கலாம் என்று அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும். அதைப் படிக்காமல் அமுக்கிக்கொண்டே இருப்போம். போனில் படம் எடுப்பவர்கள் ஜன்னல் பக்கம் தாளை வைத்து, கை நிழல் விழாமல் எடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தை விட்டுவிட்டு அட்டையை மட்டும் அழகாக ஏற்றி அனுப்பிய ஆளும் உண்டு.

பிரௌசிங் சென்டரில் கொடுத்துச் செய்தாலும் பாதகமில்லை. பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அவர்கள் நம்பரில் போட விடாதீர்கள், அவ்வளவுதான். ஒருத்தருடைய விண்ணப்பம் ஆறு மாதம் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் கிடந்தது. குறை சொல்லி வந்த செய்தியெல்லாம் கடைப் பையனின் போனுக்குப் போயிருக்கிறது. அந்தப் பையனோ கடையை விட்டே போய்விட்டான்.

## "பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள்"

என் திண்ணைக்கு வருவதில் பாதி இந்தக் கேஸ்தான். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டதற்கு நாம் கட்டும் வரி என்றே சொல்லலாம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல்தான். பட்டாளத்தில் 'முருகேசன் கே' என்று எழுதியிருப்பார்கள். ஆதாரில் 'கே முருகேசன்'. பான் எடுத்தபோது இனிஷியலை விரித்துச் சொல்லச் சொன்னதால் 'முருகேசன் குப்புசாமி'. ஆள் ஒருத்தர்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். வீட்டுக்காரம்மா பெயரில் இதைவிடக் கூத்து. எழிலரசி என்று அவர்கள் பள்ளிச் சான்றிதழில் 'இசட் எச்' போட்டு அழகாக இருக்கும். யூனிட்டில் எழுதிய வடநாட்டுக் கிளார்க் காதில் விழுந்தபடி 'எல்' போட்டு முடித்திருப்பார். லட்சுமி என்றால் 'எக்ஸ்' போட்டுவிட்டு, பின்னால் சும்மா இருக்கட்டும் என்று 'தேவி'யும் சேர்த்திருப்பார். நானும் கிளார்க்காக இருந்தவன்தான். ராத்திரி பத்து மணிக்கு நூறு பெயர் அடிக்கும்போது என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

செலவு குறைந்த வழியிலிருந்து வருகிறேன்.

விண்ணப்பத்தில் நீங்களே தப்பாக அடித்துவிட்டீர்களா? அதை முதலில் பாருங்கள். விண்ணப்பத்தில் இருக்க வேண்டியது உங்கள் ஆசைப்படியான பெயர் அல்ல, ராணுவ ரெக்கார்டில் உள்ள பெயர். இடைவெளி, புள்ளி முதற்கொண்டு அப்படியே அடியுங்கள்.

ரெக்கார்டு சரி, ஆதார்தான் தப்பு என்றால் ஆதாரைத் திருத்துங்கள். இதுதான் இருப்பதிலேயே சுலபம். ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டே தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே தடவை. பேரன் சொன்னான் என்று ஒரு தடவை, கடைக்காரர் சொன்னார் என்று ஒரு தடவை வீணாக்கிவிட்டு என்னிடம் வராதீர்கள். முதல் தடவையே பிபிஓவைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதில் உள்ள எழுத்தைக் காட்டி அடிக்கச் சொல்லி, திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

இனிஷியல் முன்னே பின்னே இருப்பது, இனிஷியல் விரிந்திருப்பது போன்ற சின்ன வித்தியாசத்துக்கு, இருவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கினால் சில சமயம் ஏற்றுக்கொள்கிறார்கள். பணம் கட்டி எழுதும் முன் பாலிகிளினிக்கில் (ஈசிஎச்எஸ் நடத்தும் கிளினிக்) உள்ள கிளார்க்கிடம் போய், இந்த வித்தியாசத்துக்கு அஃபிடவிட் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் எழுதிய அஃபிடவிட்டுகளை என் வீட்டில் ஒரு ஃபைல் நிறைய வைத்திருக்கிறேன்.

ரெக்கார்டே தப்பு என்றால், உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ்தான். இது நீண்ட வழி. அவர்கள் பார்ட் டூ ஆர்டர் போட்டு, அது பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம் போய், திருத்தப்பட்ட பிபிஓ வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

பிறந்த தேதியில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மனைவியின் தேதி ரெக்கார்டில் ஜூலை 1 என்று சும்மா போட்டிருப்பார்கள். நம் ஊர் அம்மாக்கள் பாதிப் பேருக்கு ஜூலை 1தான் பிறந்தநாள். கார்டு சீக்கிரம் வரட்டும் என்று ஆதாரை அதற்கேற்ப மாற்றிவிட்டால் கார்டு வந்துவிடும், உண்மைதான். ஆனால் நாளைக்கு அந்த அம்மா ஃபேமிலி பென்ஷன் வாங்கும்போது 80 வயதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். அதைக் கணக்கிடுவது இந்தத் தேதியை வைத்துத்தான். எது உண்மையான தேதியோ அதன் பக்கம் நில்லுங்கள், மாதம் ஆனாலும் ஆகட்டும்.

எந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவது என்று குழப்பமா? நீங்கள் சேர்ந்த கோர், அதாவது படைப்பிரிவு, எது என்பதைப் பொறுத்தது. நம் சாப்பர்ஸுக்கு இங்கேயே அல்சூர் எம்இஜி (சாப்பர்ஸின் இன்னொரு பெயர்) சென்டரில். ஏஎஸ்சி தெற்கு, மிலிட்டரி போலீஸ், பாரா, பயனீர் இவற்றுக்கும் பெங்களூர்தான். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு வெலிங்டன், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, ஈஎம்இக்கு செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மெடிக்கல் கோருக்கு லக்னோ, டிஎஸ்சிக்குக் கண்ணூர். விமானப்படைக்காரர்கள் டெல்லி சுப்ரோதோ பார்க்குக்கும், கடற்படைக்காரர்கள் மும்பை மான்குர்டில் உள்ள பென்ஷன் அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். முதல் கடிதத்திலேயே எல்லாக் காகிதத்தையும் திணித்து அனுப்பாதீர்கள். என்னென்ன வேண்டும் என்று கேட்டு ஒரு கடிதம் போடுங்கள்; ஒவ்வொரு ரெக்கார்டும் ஒவ்வொரு பட்டியல் வைத்திருக்கிறது. ஸ்பீடு போஸ்ட் ரசீதைக் கடித நகலின் மேலேயே குத்தி வையுங்கள்.

## "மனைவி பெயரே பிபிஓவில் இல்லை"

மேலே சொன்னது எழுத்துப் பிழை; இது ஆளே இல்லாத கேஸ். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பெயர் பழைய தாளில் உண்டு, ஸ்பர்ஷில் விழவில்லை. இதுதான் சுலபம். பழைய பிபிஓவோடு ஸ்பர்ஷ் சேவை மையத்தில் விவரம் திருத்தக் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கில் உண்டு, பிபிஓவில் இல்லை. கல்யாணத்துக்கு யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் போட்டிருக்கிறார்கள், பென்ஷன் காகிதம் தயாரிக்கும்போது விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆர்டர் நம்பர் டிஸ்சார்ஜ் புக்கில் எங்காவது எழுதியிருக்கும், தேடுங்கள். நம்பர் கிடைத்தால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அது தங்கம். அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இரண்டிலும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு நடந்த கல்யாணம், அல்லது முதல் மனைவி இறந்து மறுமணம், அல்லது சர்வீஸில் இருக்கும்போதே சொல்லாமல் விட்ட கல்யாணம். ஊரில் கோயிலில் தாலி கட்டிவிட்டு லீவு முடிந்து போனவர்களிடம் பதிவுச் சான்றிதழ் இருக்காது. முதலில் கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். அந்தச் சான்றிதழ், ஜோடியாக எடுத்த போட்டோ, இருவர் ஆதார் இவற்றோடு ரெக்கார்ட் ஆபீஸ் போக வேண்டும்.

முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்து, கோர்ட் தீர்ப்பு கையில் இல்லை என்றால் என்னிடமோ பிரௌசிங் சென்டரிலோ நேரத்தைக் கழிக்காதீர்கள். வக்கீலைப் பாருங்கள். அந்தத் தீர்ப்பு இல்லாமல் எந்த அலுவலகமும் நகராது.

## "பணம் கட்டியதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள்"

முதல் கேள்வி, நீங்கள் கட்ட வேண்டியவர்தானா? 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களும், போரில் கணவரை இழந்தவர்களும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. யாராவது கட்டச் சொன்னால் ஓய்வுத் தேதியைக் காட்டுங்கள்.

2003 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவர் என்றால் பிபிஓவில் ஈசிஎச்எஸ் பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். பல பக்கத் தாளில் அந்த வரி கடைசிப் பக்கத்து மூலையில் இருக்கும். ஜெராக்ஸில் அந்த மூலையே விழாமல் போவதால் வருகிற தகராறு இது. முழுப் பக்கமும் தெரிய மறுபடி எடுங்கள். வரியே இல்லை என்றால், பிடித்ததற்குச் சான்று கேட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மறுபடி கட்டிவிடலாமே என்று அவசரப்பட்டு இரண்டு தடவை கட்டாதீர்கள்.

இடைப்பட்ட காலத்தில் வந்து, இன்னும் சேராமல் இருப்பவர்கள் ரேங்க்படி கட்ட வேண்டும். 2017 டிசம்பர் 29லிருந்து உள்ள கணக்கு: ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. ஒரே ஒரு தடவைதான், ஆயுளுக்கும். அப்போதே சேர்ந்து பணம் கட்டியவர்கள் அந்தப் பழைய எம்ஆர்ஓ (ராணுவக் கணக்கில் பணம் கட்டிய) ரசீதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுங்கள். மை மங்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

## "பெண்டிங் என்றே காட்டிக்கொண்டிருக்கிறது"

முதலில் விண்ணப்பம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். ஊர் வேலூர் என்று வேலூர் பாலிகிளினிக்கைத் தாய் பாலிகிளினிக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டு, இங்கே கவுண்டரில் வந்து சண்டை போட்டவர் ஒருத்தர். எந்த பாலிகிளினிக்கைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதற்குரிய ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸில்தான் சரிபார்ப்பார்கள். இங்கே இருப்பவர்களுக்கு அது திரையில்கூடத் தெரியாது.

பிறகு, குறை ஏதாவது சொல்லித் திருப்பியிருக்கிறார்களா என்று உள்ளே போய்ப் பாருங்கள். செய்தி வரவில்லை என்பதற்காகக் குறை இல்லை என்று அர்த்தமில்லை.

இரண்டும் இல்லை, சும்மா நிற்கிறது என்றால் நேரில் போங்கள். காலையில் போங்கள், விண்ணப்ப நம்பரைப் பெரிதாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஒரிஜினல் எல்லாம் கையில் இருக்கட்டும். கன்னடமோ இந்தியோ வராது என்று தயங்க வேண்டாம். எம்இஜி ஊர் இது. கவுண்டருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு 'தம்பி' கண்டிப்பாக இருப்பான்.

கவுண்டரில் காரியம் ஆகவில்லையா? பாலிகிளினிக்கின் பொறுப்பு அதிகாரியான ஓஐசியைப் பாருங்கள். அவரும் முன்னாள் அதிகாரியாகத்தான் இருப்பார். எழுத்தில் கொடுத்தால் எழுத்தில் பதில் தருவார். அதற்கும் மேலே பெங்களூர் ரீஜனல் சென்டர். அங்கும் நகரவில்லை என்றால் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளத்தில் புகார் போடுங்கள். கோபமாக நாலு பக்கம் எழுத வேண்டாம். விண்ணப்ப நம்பர், அனுப்பிய தேதி, இன்று எங்கே நிற்கிறது என்ற மூன்று வரி போதும். நாலு பக்கப் புகாருக்கு 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும். மூன்று வரிப் புகாருக்கு நேராகப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதற்கிடையில் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால் டெம்பரரி ஸ்லிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு அச்சாகி வரும்வரை அதை வைத்தே பாலிகிளினிக்கில் காட்டலாம், ரெஃபரல் (வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு) வாங்கலாம். அதில் தேதி முடிந்துவிட்டால் நீட்டித்து வாங்க வேண்டும்.

## "கார்டு வந்துவிட்டது, மெஷின் எடுக்கவில்லை"

புதுக் கார்டா? அதைப் பாலிகிளினிக்கில் உயிர் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பீர்கள். குடும்பத்தில் யார் யாருக்குக் கார்டோ அவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் விரல் ரேகை வைத்து ஆக்டிவேட் செய்யுங்கள்.

விரல் ரேகை விழவில்லையா? எங்கள் சாப்பர் ஒருத்தர் ரிட்டயர்டு ஆனபின் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். பத்து விரலும் கண்ணாடி மாதிரி. வெந்நீரில் கை கழுவித் துடைத்துவிட்டு, கட்டை விரலை விட்டு மோதிர விரலை வைக்கச் சொன்னோம். விழுந்தது. அதுவும் விழாதவர்கள் அங்கேயே ஓஐசியிடம் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இது சகஜம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பழைய கார்டு திடீரென்று எடுக்கவில்லை என்றால் சிப்பை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். லேமினேஷன் செய்தீர்களா? பிரியுங்கள். பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து வளைத்திருந்தால் புதுக் கார்டுதான். கார்டு நன்றாக இருந்தும் 'பிளாக்' என்று காட்டினால் கோளாறு கார்டில் இல்லை. அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

## "மகன் கார்டு நின்றுவிட்டது, அம்மாவைச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்"

மகன்: 25 வயது, வேலை, கல்யாணம் இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அன்றோடு முடிந்தது. இன்னும் படிக்கிறான் என்பது எடுபடாது. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு மட்டும் வயது வரம்பு இல்லை. அந்தச் சான்றிதழை 25 ஆகும் முன்பே ஏற்றிவிடுங்கள். நின்ற பிறகு திறப்பது இரண்டு மடங்கு வேலை.

மகள்: கல்யாணம் ஆகும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை. கணவரை இழந்தோ விவாகரத்தாகியோ வருமானம் இல்லாமல் உங்களோடு திரும்பி வந்த மகளையும் சேர்க்கலாம். இது தெரியாமலே நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

அம்மா அப்பா: எல்லா வழியிலும் சேர்த்து வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் தாண்டக் கூடாது. வருமானச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்பதில்தான் சிக்கல். அம்மா இங்கே உங்களோடு, ஆதார் முகவரியும் பெங்களூர் என்றால் நாடகச்சேரியில் வாங்கலாம். ஆதார் இன்னும் திருப்பத்தூர் முகவரியில் இருந்தால் அங்கே இ-சேவையில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம்தான் வாங்க வேண்டும். ஓசூர் தாண்டுவதற்கு முன் ஆதார் முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்ததோடு முடிவதில்லை. உங்களைச் சார்ந்திருப்பவர்கள் இன்னும் தகுதியோடுதான் இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் உறுதி செய்ய வேண்டும். அதை மறந்தால் கார்டு தானாக நின்றுவிடும். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் அதே வாரத்தில் இதையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

## "அவர் போய்விட்டார், என் கார்டு வேலை செய்யவில்லை"

ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு அக்கா வந்தார்கள். சுருக்குப் பையில் இரண்டு கார்டு: அவர்களுடையது, அவர் வீட்டுக்காரருடையது. வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதம். அவர் கார்டை இன்னும் ரப்பர் பேண்டு போட்டுத் தனியாக வைத்திருந்தார்கள். "பேங்க்ல சொல்லிட்டேன் தம்பி, பென்ஷன் நின்னுபோச்சு, இப்ப மாத்திரையும் தரமாட்டேங்கறாங்க" என்றார்கள்.

பேங்கில் சொன்னது மட்டும் போதாது. இறப்புச் சான்றிதழோடு ஸ்பர்ஷிலும் ரெக்கார்ட் ஆபீஸிலும் தெரிவிக்க வேண்டும். ஃபேமிலி பென்ஷன் தொடங்க வேண்டும். அந்த பிபிஓ வந்த பிறகு மனைவியே முதன்மை உறுப்பினர். அவர் பெயரில் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். பழைய விண்ணப்பத்தைத் திருத்த முடியாது. கணவர் கார்டைப் பாலிகிளினிக்கில் ஒப்படைக்க வேண்டும். பணம் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

வரிசை மாறினால் எல்லாம் நிற்கும். அந்த அக்காவுக்குப் பெயரிலும் சிவப்பு வட்டம் இருந்தது. அதனால் பெயர்த் திருத்தமும் ஃபேமிலி பென்ஷனும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட நிலையில் தனியாக அலையாதீர்கள். கணவரின் ரெஜிமெண்ட் சங்கத்தையோ சைனிக் வெல்ஃபேர் அலுவலகத்தையோ பிடியுங்கள். அவர்கள் எழுதும் கடிதத்துக்கு ரெக்கார்ட் ஆபீஸில் சீக்கிரம் கை நகரும். கார்டை ஒப்படைக்கும்போது அக்கா கேட்டது ஒன்றுதான், அதில் உள்ள போட்டோவை ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று. எடுத்துக் கொடுத்தேன்.

## "கார்டு இல்லை, ஸ்லிப்பும் இல்லை, ராத்திரி நெஞ்சு வலிக்கிறது"

பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே போங்கள். கார்டைத் தேடிப் பெட்டியைக் குடையாதீர்கள்.

உறுப்பினராகி, கார்டு கையில் இல்லை என்பது மட்டும்தான் குறை என்றால், எம்பேனல் ஆன (ஈசிஎச்எஸ்ஸோடு ஒப்பந்தம் உள்ள) ஆஸ்பத்திரி என்கிறபோது சேர்க்கும்போதே ஈசிஎச்எஸ் என்று சொல்லிவிடுங்கள். எமர்ஜென்சிக்கு ரெஃபரல் தேவையில்லை. தகவல் கொடுக்கும் பொறுப்பு அவர்களுடையது. எம்பேனல் ஆகாத இடம் என்றால், சேர்த்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்து பாலிகிளினிக்குக்கு நீங்கள்தான் தகவல் சொல்ல வேண்டும். அங்கே பணத்தை முதலில் நீங்கள் கட்டி, பிறகு பில் போட்டு வாங்க வேண்டும். கிடைப்பது சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) கணக்குப்படி, கட்டியது முழுவதும் அல்ல. ஒரிஜினல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எமர்ஜென்சி என்று டாக்டர் எழுதிய சீட்டு மூன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதீர்கள்.

இன்னும் உறுப்பினரே ஆகவில்லை என்றால் அந்த ராத்திரிச் செலவு உங்களுடையதுதான். சேர்ந்த பிறகு பின்தேதியிட்டுக் கேட்க முடியாது.

48 மணி நேரம் என்பது ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்துத்தான். மகனோ மருமகளோ யார் ஓடப் போகிறார்களோ, அவர்கள் போனில் பாலிகிளினிக் நம்பரை இன்றைக்கே ஏற்றி வையுங்கள்.